லினக்ஸ் போட்டேன், விண்டோஸைக் காணவில்லை: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசெசர் உள்ள லெப்டொப்புகள் பெரும்பாலும் விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளில் இன்னும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் அப்படியான லெப்டொப்புகள் நிறைய. புதிது வாங்குவது பெரிய செலவு, பழையதை எறிய மனம் வராது. ஆகவே விண்டோஸை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வடிவங்களான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல முடிவு. கணினி படிக்கும் மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி குறைவு.

இந்த வேலையில் முதலில் வரும் கோளாறால் கோப்புகள் போவது அரிது. கோளாறைக் கண்டு பதறி, அடுத்து எதையாவது அமத்தும்போதுதான் போகின்றன. விண்டோஸ் வரவில்லை என்றவுடன் 'முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு' என்பதைத் தெரிவுசெய்தவர்களின் கம்பஸ் புரொஜெக்ட்டும் குடும்பப் படங்களும் அப்படித்தான் போயின. 'அண்ணா, விண்டோஸ் போயிட்டுது' என்று யாராவது அழைத்தால், திரையில் இருப்பதை ஃபோனில் படம் எடுத்து அனுப்பு, அதுவரை ஒன்றையும் தொடாதே என்பதுதான் என் முதல் பதில். கோளாறு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் திரையே சொல்லிவிடும்.

கட்டளைகளைத் தமிழ் ஒலியில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (லினக்ஸில் கட்டளை தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

தொடங்க முன்

முக்கிய கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் கொப்பி பண்ணுங்கள். அதே ஹார்ட் டிஸ்க்கின் 'டி' டிரைவ் வேறு டிஸ்க் ஆகாது. அடுத்தது மின்சாரம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் எந்த அறிவித்தலும் இல்லாமல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்த பகுதியின்) அளவை மாற்றிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் அந்தப் பார்ட்டிஷன் சிதையலாம். பற்றரி செத்த லெப்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மூன்றாவது, டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி. அதற்குக் கீழே '48 இலக்கச் சாவி' என்ற தலைப்பில் தனி இடம் வைத்திருக்கிறேன், தொடங்க முன்னரே அதை வாசித்துவிடுங்கள்.

பென் ட்ரைவில் இருந்து பூட் ஆகவில்லை

முதலில் இணையத்தில் இருந்து இறக்கிய லினக்ஸ் கோப்பைச் சந்தேகியுங்கள். உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி, லினக்ஸ் மின்ட் 22 அதில் பாதி. இரவு டேட்டாவில் இறக்கும்போது இணைப்பு இடையில் விட்டுப்போனால் கோப்பு முழுதாக வந்ததுபோலத் தெரியும், உள்ளே பழுதாக இருக்கும். 7-சிப் நிறுவியிருந்தால் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 கணக்கைப் பாருங்கள். வரும் 64 எழுத்துகளும் இறக்கிய தளத்தில் தந்திருப்பதுடன் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள்.

கோப்பு சரியென்றால், விண்டோஸ் எந்த முறையில் பூட் ஆகிறது என்று பாருங்கள். தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபோமேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயோஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐ (புதிய முறை) அல்லது லெகசி (பழைய முறை) என்று இருக்கும். பென் ட்ரைவில் எழுதும் ரூஃபஸ் செயலியில், யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி, லெகசி என்றால் எம்பிஆர் என்ற பார்ட்டிஷன் முறையைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் 7 காலத்து லெப்டொப்பை 10க்கு உயர்த்தியவர்கள் பெரும்பாலும் லெகசியில் இருப்பார்கள். இதைக் கலந்துவிட்டால் நிறுவல் முடிந்த பிறகும் விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெனுவில் சேராது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒவ்வொரு முறையும் பயோஸுக்குள் (கணினி எழும்பும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரைக்குள்) நுழைய வேண்டிவரும்.

பூட் மெனுவுக்கான விசை: எச்பி என்றால் எஃப்9, டெல், லெனோவோ இரண்டுக்கும் எஃப்12, ஆசுஸுக்கு எஸ்கேப். ஏசரில் எஃப்12 என்றாலும் அதை முதலில் பயோஸில் இயக்கிவிட வேண்டியிருக்கும்.

இன்ஸ்டோலர் ஹார்ட் டிஸ்க்கையே காட்டவில்லை

டிஸ்க் பழுதென்று நினைத்துப் பலர் கடைக்குக் கொண்டுபோவது இந்த இடத்தில்தான். விண்டோஸ் அதே டிஸ்க்கில் நன்றாக ஓடுகிறது என்றால் டிஸ்க்கில் குறையில்லை. இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது ரெய்ட் என்ற சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருப்பதே பெரும்பாலான காரணம். டெல் லெப்டொப்புகள் பல 'ரெய்ட் ஒன்' அமைப்புடனேயே வருகின்றன. இன்டெல் பதினோராம் தலைமுறை முதல் இது விஎம்டி என்ற பெயரில் இருக்கும். ஏசரின் சில மொடல்களில் அந்த அமைப்பு மறைந்திருக்கும். பயோஸின் மெயின் பக்கத்தில் கொன்ட்ரோலும் எஸ்-உம் சேர்த்து அமத்தினால் வெளியே வரும்.

நேராகப் பயோஸுக்குப் போய் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான சேமிப்பு முறைக்கு மாற்றிவிடாதீர்கள். லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், விண்டோஸ் நீலத் திரையில் விழும். விண்டோஸை முன்கூட்டியே தயார்படுத்தினால் இரண்டும் வேலை செய்யும். முதலில் பிட்லாக்கரை நிறுத்துங்கள். பிறகு 'சிஸ்டம் கொன்ஃபிகரேஷன்' திறந்து, பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' என்பதைத் தெரிவுசெய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். மறுபடி விண்டோஸுக்குள் போக விடாமல் நேராகப் பயோஸுக்குள் நுழைந்து ஏஎச்சிஐக்கு மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்பி, தனக்குத் தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் 'சேஃப் பூட்' தெரிவை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், அவ்வளவுதான். சேஃப் மோடில் நீங்கள் வழக்கமாகத் தட்டும் நான்கு இலக்கப் பின் எடுபடாமல் போகலாம். கணக்கின் முழுக் கடவுச்சொல்லை நினைவுபடுத்தி எழுதி வைத்துவிட்டே இறங்குங்கள்.

மாற்றியும் விண்டோஸ் எழவில்லை என்றால் பயோஸில் பழைய அமைப்பையே திரும்பப் போடுங்கள். விண்டோஸ் முன்புபோல வரும். ஒன்றும் அழிந்திருக்காது.

'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்ற தெரிவு வரவில்லை

மூன்று காரணங்களைப் பார்க்கலாம். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும், அல்லது பழைய எம்பிஆர் டிஸ்க்கில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களும் நிரம்பியிருக்கும் (எம்பிஆர் நான்குக்கு மேல் விடாது), அல்லது வெற்றிடமே இல்லை. வெற்றிடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் இருந்தே உருவாக்குங்கள். தன் பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலையை விண்டோஸிடம் விடுவதே பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. 50 ஜிபி ஒதுக்கினால் தாராளமாக வேலை செய்யலாம்.

200 ஜிபி காலியாக இருந்தும் சுருக்க 3 ஜிபிதான் தருகிறது என்றால், நடுவில் நகர்த்த முடியாத கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. ஹைபர்னேஷன், பேஜிங் ஃபைல், சிஸ்டம் புரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பிந்திய இரண்டையும் திரும்ப இயக்கிவிடுங்கள்.

கையால் பார்ட்டிஷன் பிரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் உருவாக்கிய, வழக்கமாக 100 எம்பி அளவிலான ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று பட்டியலில் இருக்கும். அதை லினக்ஸும் பயன்படுத்தலாம். 'ஃபோமட்' என்ற பெட்டியில் மட்டும் சரி போட வேண்டாம். போட்டால் விண்டோஸின் பூட் கோப்புகள் போய்விடும்.

நிறுவி முடிந்தது, ஆனால் நேராக விண்டோஸே வருகிறது

லினக்ஸ் உள்ளேதான் இருக்கிறது. கணினி எதை முதலில் எழுப்புவது என்ற வரிசையில் விண்டோஸ் மேலே நிற்கிறது, அவ்வளவே. பயோஸின் பூட் பகுதியில் 'உபுண்டு' என்ற பெயரை முதலாவது இடத்துக்கு நகர்த்துங்கள். மின்ட் போட்டவர்களுக்கும் அந்த இடத்தில் உபுண்டு என்றே தெரியும், குழம்ப வேண்டாம்.

பயோஸ் பக்கம் போகத் தயங்குபவர்கள் விண்டோஸுக்குள் இருந்தபடியே ஷிஃப்ட் விசையை அமத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். 'யூஸ் எ டிவைஸ்' என்ற பகுதிக்குள் உபுண்டு தெரிந்தால் அங்கிருந்தே போகலாம். ஏசரில் சில மொடல்கள் புதிய பூட் கோப்பை நம்பாது. பயோஸில் சூப்பவைசர் பாஸ்வேர்ட் ஒன்று போட்டால்தான், செக்யூரிட்டி பகுதியில் அந்தக் கோப்பை நம்பத்தகுந்ததாகச் சேர்க்கும் வசதி திறக்கும். அந்தப் பாஸ்வேர்டைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு மெனு காணாமல் போனாலும் இதே வைத்தியம்தான். லினக்ஸை மறுபடி நிறுவ ஓடாதீர்கள்.

மெனு வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை

இந்த மெனுவைக் காட்டும் மென்பொருளின் பெயர் கிரப். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் என்ற கருவி இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இது தரவு இழப்பு அல்ல, தேடாததால் வந்த வெறுமை. லினக்ஸின் ஈடிசி ஃபோல்டரில், டிஃபோல்ட் என்ற உள்ஃபோல்டருக்குள் கிரப் என்ற கோப்பு இருக்கும். நிர்வாகி அனுமதியுடன் அதைத் திறந்து, ஓஎஸ்-ப்ரோபரை முடக்குவது பற்றிய வரியைத் தேடுங்கள். அது ஃபோல்ஸ் என்று முடிய வேண்டும், வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி இருந்தால் அதை அழித்துவிட வேண்டும். சேமித்துவிட்டு டெர்மினலில் 'சுடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள். ஓடும் வரிகளுக்குள் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று தெரிந்தால் காரியம் முடிந்தது.

தெரியாவிட்டால் மேலே சொன்ன லெகசி, யூஇஎஃப்ஐ கலப்பைச் சந்தேகியுங்கள்.

நீலத் திரை 48 இலக்கச் சாவி கேட்கிறது

எல்லாவற்றிலும் கவலையானது இதுதான். விண்டோஸ் 11 வந்த லெப்டொப்புகள் பலவற்றில், மைக்ரோசொஃப்ட் கணக்குடன் உள்ளே போனதுமே பிட்லாக்கரின் எளிய வடிவமான டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாக இயங்கத் தொடங்கியிருக்கும். 24எச்2 பதிப்பில் இருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. சொந்தக்காரருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட் வரிசையையோ, நம்பத்தகுந்த பூட் கோப்புகளை மட்டும் ஓட விடும் செக்யூர் பூட் என்ற பயோஸ் வசதியையோ மாற்றியதும், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று கணினி சந்தேகப்பட்டுச் சாவி கேட்கிறது.

முதலில் செய்த மாற்றத்தைத் திரும்பப் போடுங்கள். செக்யூர் பூட்டை நிறுத்தியிருந்தால் இயக்குங்கள், விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவது இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பல வேளைகளில் சாவி கேட்காமலே திறந்துவிடும். திறக்காவிட்டால், வேறு ஃபோனிலோ கணினியிலோ உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கின் பக்கத்துக்குப் போய், சாதனங்களின் கீழ் பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தேடுங்கள். திரையில் தெரியும் அடையாள இலக்கத்தின் முதல் எட்டு எழுத்துகள் பொருந்தும் சாவியே உங்களுடையது. லெப்டொப்பை முதன்முதலில் இயக்கித் தந்தவர் தன் கணக்கைப் போட்டிருந்தால் சாவி அவரது கணக்கில் இருக்கும். அண்ணா, மாமா, கடைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அலுவலகம் அல்லது பல்கலைக்கழகக் கணக்கு என்றால் அங்குள்ள ஐடி பிரிவில் கேட்கலாம்.

சாவி எங்கும் இல்லையென்றால் அந்தக் கோப்புகளை எவராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். இதனால்தான் தொடங்க முன் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். சாவியைக் கடதாசியில் எழுதிவிட்டு, நிறுவி முடியும்வரை அந்த என்க்ரிப்ஷனை நிறுத்தி வையுங்கள். பூட்டு முழுதாக அவிழச் சில மணித்தியாலம் எடுக்கலாம், பொறுத்திருங்கள். இரண்டு இயங்குதளங்களும் ஒழுங்காக ஓடிய பிறகு திரும்ப இயக்கலாம்.

கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று நிற்கிறது

லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸுக்குள் இருந்தபடி அதன் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கு அடுத்த முறை இயக்கும்போது வருவது இது. யூஇஎஃப்ஐ கணினியில் பூட் மெனுவைத் திறந்து 'விண்டோஸ் பூட் மேனேஜர்' தெரிவுசெய்தால் விண்டோஸ் வந்துவிடும். பிறகு பயோஸிலும் அதையே முதலாவதாக்குங்கள். லெகசி என்றால் விண்டோஸ் நிறுவும் பென் ட்ரைவ் ஒன்று தேவை. அதில் ரிப்பேர் பகுதியில் கொமான்ட் புரொம்ட் திறந்து 'பூட்ரெக்' கட்டளையை 'ஃபிக்ஸ்எம்பிஆர்' தெரிவுடன் ஓட்டுங்கள்.

எதையும் அழிக்காமலே இந்தத் திரை வந்திருந்தால், லினக்ஸ் மின்ட் பென் ட்ரைவில் பூட் செய்து நிறுவாமல் நேரடியாக ஓட்டுங்கள். அதிலேயே பூட் ரிப்பேர் என்ற கருவி இருக்கிறது. இணையத்துடன் இணைத்துவிட்டு, அது பரிந்துரைக்கும் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

'செக்யூரிட்டி பொலிசி வயலேஷன்' என்று சொல்லி அணைந்துவிடுகிறது

அந்தச் செய்தியில் ஷிம், எஸ்பிஏடி என்ற சொற்களும் இருக்கும். 2024 ஓகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு உலகெங்கும் இரட்டை பூட் கணினிகள் பலவற்றில் இது வந்தது. பழைய லினக்ஸ் பூட் கோப்புகளைச் செக்யூர் பூட் நிராகரிக்கும்படி அந்த அப்டேட் செய்திருந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி லினக்ஸுக்குள் போங்கள். 'சுடோ மொக்யூட்டில்' என்று தட்டி, அதனுடன் இரட்டைக் கோடிட்ட 'செட்-எஸ்பிஏடி-பொலிசி' தெரிவும் 'டிலீட்' என்ற சொல்லும் சேர்த்துக் கொடுங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்குள்ளேயே வந்து, எல்லா அப்டேட்டுகளையும் போடுங்கள். பிறகு செக்யூர் பூட்டை இயக்கலாம். ஆண்டுக்கணக்காக அலுமாரியில் கிடந்த பழைய பென் ட்ரைவில் இருந்து நிறுவுபவர்களுக்கு இன்றும் இது வரும். புதிய பதிப்பை இறக்கி எழுதுவதே தீர்வு.

லினக்ஸ் தெரிவுசெய்ததும் திரை கறுத்துப்போகிறது

என்விடியா கார்ட் உள்ளவற்றில் அதிகம். மெனுவில் உபுண்டு வரியில் நின்று 'ஈ' எழுத்தை அமத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் முடிவில் 'நோமோட்செட்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்து எஃப்10 அமத்துங்கள். உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரில் (உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்') பரிந்துரைக்கப்படும் என்விடியா டிரைவரைப் போடுங்கள். அப்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையொன்று சில விநாடிகள் மட்டும் காத்திருக்கும். அதில் 'என்ரோல் எம்ஓகே' தெரிவுசெய்து அதே பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் செக்யூர் பூட் அந்த டிரைவரை ஓட விடாது.

வைஃபை இல்லை

ஃபோனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் இயக்குங்கள். அந்த டேட்டாவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் புரோட்கொம் போன்ற கார்டுகளுக்கு வேண்டியதை அதுவே இறக்கும். விண்டோஸை ஷட் டவுன் செய்துவிட்டு வந்த பிறகு மட்டும் வைஃபை மறைகிறது என்றால், அடுத்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பே காரணமாக இருக்கக்கூடும். ஒன்றுக்கும் மசியாவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யூஎஸ்பி வைஃபை டொங்கிள் வாங்கலாம். லினக்ஸில் டிரைவர் இல்லாமலே ஓடுமா என்று கேட்டு, முடிந்தால் அங்கேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

விண்டோஸ் டிரைவ் திறக்கிறது, எதையும் சேமிக்க முடியவில்லை

விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் என்பது முழுதாக அணைவதல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி நினைவகத்தின் ஒரு பகுதியை டிஸ்க்கில் உறையவைத்துவிட்டுத் தூங்குகிறது. தூங்கும் டிரைவில் எழுதினால் கோப்பமைப்பு கெடும் என்பதால் லினக்ஸ் வாசிக்க மட்டும் விடுகிறது. அது உங்களைக் காப்பாற்றும் மறுப்பு. வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் கட்டளைகள் இணையத்தில் கிடைக்கும், தொடாதீர்கள்.

கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் திறந்து, பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பின் சரியை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு அது மறுபடி இயங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு, ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தாலும் சரி. ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுதாக அணைகிறது.

மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது

இரவு 7 மணிக்கு விண்டோஸ் பிற்பகல் 1.30 என்று காட்டும். கணினிக்குள் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. லினக்ஸ் எழுதியதை விண்டோஸ் உள்ளூர் நேரமென்று வாசிக்கும்போது அந்த இடைவெளி அப்படியே தெரிகிறது. பற்றரி தீர்ந்துவிட்டது என்று மதர்போர்ட் பற்றரியை மாற்றுபவர்கள் உண்டு, அதனால் பயனில்லை. இடைவெளி சரியாக ஐந்தரை என்றால் இதுதான் காரணம்.

லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்தையே எழுதும். பிறகு நேர வலயத்தை இரண்டிலும் சரிபாருங்கள். விண்டோஸ் பட்டியலில் நமது நேரம் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற பெயரில் இருக்கும், லினக்ஸில் 'கொழும்பு' என்று இருக்கும்.

பழைய தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன

கோப்பு பழுதாகவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கடிதம் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுதப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்தே வெளியில் தெரியும். விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து பாமினிக் கோப்பை எடுத்து, லினக்ஸில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவுங்கள். லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் கடிதம் தமிழாகிவிடும்.

புதிதாகத் தட்டுவதற்கு யூனிகோடே நல்லது. ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போட்டால் தமிழ் விசைப்பலகைகளின் பட்டியலில் இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் அமைப்பும் கிடைக்கும். போட்டதும் பட்டியலில் தெரியாவிட்டால், ஒருமுறை லொக் அவுட் செய்து உள்ளே வந்து பாருங்கள்.